பார்

தடைக்காலத்தின் நான்காம் நாள்.
மண்டபம் ஐஸ் பேக்டரியில்
நாட்டுப்படகுகளுக்காக ஒற்றைக் கம்ப்ரஸர் மட்டும் ஓடியது.
இரவு ஷிப்ட் சூசைராயன்
கிட்டாரின் தடித்த கம்பியைத் தளர்த்திக்கொண்டே போனான்.
இன்னும் கீழே. இன்னும்.
துணி காயப்போடும் கொடியாய் அது தொய்ந்தபோது
கம்பியும் எந்திரமும் ஒரே குரலில் உறுமின.
உப்புநீர்த் தொட்டியில் தண்ணீர் சிலிர்த்தது.
அந்த மாதக் கடைசியில் நான் பேஸ் வாங்கினேன்,
மதுரையில் ஒரு சர்ச் குழு கலைந்த விலைக்கு.

பெயருக்காக யாரும் மண்டையை உடைக்கவில்லை.
அரவை மேடையில் கிடப்பது ஐஸ் பார்.
கடலுக்கடியில் வலையைக் கிழிப்பதும் பார்.
போஸ்டரில் போட்டால் பிராந்திக்கடை என்பார்கள், என்றான் நம்புராஜன்.
சொல்லட்டும்.

கஞ்சாக் கோஷ்டி என்றுதான் சொன்னார்கள்.
ஏட்டு இரண்டு தடவை வந்து
டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினார்.
ஓசையை அடக்க வைத்திருந்த
இபுராம்சாவின் பழைய கைலி வந்தது.
எங்களுக்குத் தலை சுற்றியதெல்லாம்
வால்வில் கசிந்த அம்மோனியாவில்.
அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

முதல் மேடை உச்சிப்புளியில் ஒரு கல்யாணம்.
முதல் பாட்டு முடிவதற்குள்
முதல் பந்தி கை கழுவிவிட்டது.
மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி
இபுராம்சாவின் காதில் கேட்டார்:
"தம்பி, இன்னும் செட்டு சரிபண்றீங்களா?"

இபுராம்சாவுக்கு ஷார்ஜா விசா வந்தது.
கைலியை விட்டுப் போனான்.
அவன் இடத்தில் முதுகுளத்தூர் கருமலையான், உறுமியோடு.
அடி எங்களுடையதைவிடப் பழையது, எங்களுடையதைவிட மெதுவானது.
ஆனால் பங்குனி வந்தால் ஆள் கிடைக்கமாட்டான்,
வைகாசியிலும்.
ஆடியில் போனவன் போனவன்தான்.

நம்புராஜன் ஒரு திங்கட்கிழமை படகோடு பிடிபட்டான்.
ஐந்து மாதம்.
திரும்பி வந்தவன் மைக்கை வாங்கி
முன்னும் பின்னும் பார்த்துவிட்டு
என்னிடமே கொடுத்தான்.
ஒத்திகைக்கு மட்டும் தவறமாட்டான்.
மீன்பெட்டி மேல் குந்தி, குளிருக்கு இருமிக்கொண்டிருப்பான்.
அதற்கப்புறம் எங்கள் பாட்டுகளுக்கு வார்த்தை கிடையாது.
கேட்டவர்கள் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை.

அப்புறம் பேக்டரி கைமாறி
புதுக் கம்ப்ரஸர் வந்தது.
ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும்,
அவ்வளவு சத்தமில்லை.
பழையதைக் கிலோக் கணக்கில் ஏற்றிப் போன லாரியை
சூசைராயன் பாம்பன் ரோடு வரை பைக்கில் தொடர்ந்தான்.
அடுத்த வாரம் கிட்டாரை எடுத்து முறுக்காணியைத் திருகி,
திருகி,
எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கீழே வைத்தான்.

பேஸை யாருக்கோ விற்றுவிட்டு
நான் ராமநாதபுரத்தில் வண்டிக்கடன் வசூலுக்குப் போனேன்.
முதல் வாரப் பட்டியலிலேயே
கருமலையானின் பைக் இருந்தது.

போன மாதம் வேதாளையில்,
ஆறு தவணை நிற்கும் ஒரு டிராக்டரைத் தேடிப் போனபோது
சங்கு குடோனுக்குள்ளிருந்து அந்த உறுமல்.
என் உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது.
மூன்று பிள்ளைகள். ஒரு முகமும் பழக்கமில்லை.
டிரம்மில் சாக்பீஸால் எழுதியிருந்தது: பார்.
பேஸ் வாசித்தவள் பெயர் ரொமிலா, தங்கச்சிமடம்.
பேஸில் என் பல்பட்ட கீறல்.
எந்தச் சுருதி என்று கேட்டேன்.
"சுருதியெல்லாம் தெரியாதுண்ணே.
போன்ல ஒரு பைல் சுத்திக்கிட்டு இருக்கு,
பதினோரு செகண்டு. அதுக்குச் சேத்துக்குவோம்."

போட்டுக் காட்டினாள்.
எந்திரம்.
தகரக் கூரை.
ஒன்பதாவது செகண்டில் யாரோ இருமுகிறார்கள்.

இன்னொரு தடவை போடு, என்றேன்.